வொரண்டியும் ஒரு கடன்தான்

பெரியநீலாவணை,
வெள்ளிக்கிழமை, அஸருக்குப் பின்.

அன்பு மகள்,



நாலு வளவு தள்ளி இருக்கிறவளுக்கு மாமா கடிதம் எழுதியிருக்கிறாரே என்று சிரிப்பாய். சிரித்து முடித்துவிட்டு வாசி.

நேற்று மஃரிபுக்குப் பிறகு ஒரு பையில் பாரை மீனும் இன்னொரு பையில் பால் பக்கெட்டுமாக வந்து நின்றாய். "மாமா, உங்கட பிரிட்ஜில கொஞ்சம் வைக்கட்டா? எங்கட திரும்பவும் குளிர விடுதில்ல" என்றாய். இதுவரை எத்தனை தடவை திருத்தினார்கள் என்று கேட்டேன். மூன்று விரலைக் காட்டினாய். கடைக்காரரிடம் என்ன சொன்னாய் என்று கேட்டதற்கு, "அவங்க நல்லவங்க மாமா, ஒவ்வொரு முறையும் கோல் எடுத்த உடனே ஆள் அனுப்புறாங்க. இன்னும் கேட்க வெட்கமா இருக்கு" என்றாய். நீ போன பிறகு கலண்டரை எடுத்து எண்ணிப் பார்த்தேன். வாங்கிய நாளிலிருந்து இன்றைக்கு 74 நாள். அந்த எண்ணிக்கைதான் என்னைப் பேனா எடுக்க வைத்தது.

முதலில் என் கதையைச் சொல்கிறேன். உன் மாமி ஆசைப்பட்டாள் என்று சில வருசத்துக்கு முன் ஒரு உடுப்புக் கழுவும் மெஷின் வாங்கினேன். எந்தக் கடை என்பது இப்போது வேண்டாம். முதல் மாதமே தண்ணீர் வடியாமல் நின்றது. ஆள் வந்தார், திருத்தினார். மூன்று கிழமை ஓடியது, திரும்பவும் நின்றது. இப்படி எட்டு மாதத்தில் ஐந்து தடவை. ஒவ்வொரு தடவையும் நான் போனில் மட்டும்தான் சொன்னேன். வந்தவர் எழுதிய வேலைத்தாளைக் கேட்டு வாங்கவில்லை. பில் வெயிலில் கிடந்து எழுத்தெல்லாம் வெளிறி வெறும் வெள்ளைத்தாளாகிவிட்டது. கடைசியில் பொறுமை இழந்து முறைப்பாடு செய்யப் போனேன். அங்கிருந்த அதிகாரி மரியாதையாகத்தான் கேட்டார்: "ஐயா, ஐந்து தடவை திருத்தினார்கள் என்பதற்கு என்ன அத்தாட்சி? இத்தனை மாதம் ஏன் வரவில்லை?" இரண்டு கேள்விக்கும் என்னிடம் பதில் இல்லை. முப்பது வருசம் தபால் கந்தோரில் இருந்து ஊராருடைய பதிவுத் தபால்களுக்கெல்லாம் முத்திரை குத்தியவன், என் விசயத்தில் ஒரு கடிதம் எழுதவில்லை. அந்த மெஷினின் உடல் இப்போது நம்முடைய கோழிக்கூட்டுக்கு அருகில் தண்ணீர்த் தொட்டியாக நிற்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு என் மேல்தான் கோபம் வரும்.

உன்னுடைய வெட்கத்துக்கு வருகிறேன். வொரண்டி என்றால் என்ன என்று நினைக்கிறாய்? கடைக்காரர் மனமிரங்கிச் செய்கிற உதவி என்று நினைக்கிறாய். அதனால்தான் திரும்பத் திரும்பக் கேட்க உனக்குக் கூச்சம் வருகிறது. மகள், அது உதவியில்லை. நீ காசை முழுதாகவோ தவணையாகவோ கொடுக்கிறாய். அவர்கள் அதற்குப் பதிலாக இரண்டு பொருள் தருகிறார்கள். ஒன்று பிரிட்ஜ், மற்றது "இத்தனை காலத்துக்கு இது ஒழுங்காக வேலை செய்யும்" என்ற வாக்கு. முதலாவதை அன்றே லொறியில் ஏற்றி அனுப்பினார்கள். இரண்டாவதை இன்னும் தந்து முடிக்கவில்லை. தவணை குறித்த கடன் அது. கடன் கொடுத்தவள் நீ. கடனைக் கேட்பதில் கடன் கொடுத்தவருக்கு என்ன வெட்கம்?

கடன் என்றதும் உனக்கு ஓதித் தந்த ஒன்றை ஞாபகப்படுத்துகிறேன். குர்ஆனிலேயே மிக நீளமான ஆயத்து எது? சூரத்துல் பகராவின் 282ஆவது. அது தொழுகையைப் பற்றியோ நோன்பைப் பற்றியோ பேசவில்லை. தவணை குறித்துக் கடன் பட்டால் அதை எழுதிக்கொள்ளச் சொல்கிறது. சிறிதோ பெரிதோ, எழுதுவதில் சோம்பல் வேண்டாம் என்கிறது. ஓதும்போது எனக்கு இதெல்லாம் கடைக் கணக்குக்காரருக்குச் சொன்னது என்றுதான் தோன்றும். மெஷின் பழுதான பிறகுதான் எனக்கும் சொன்னது என்று விளங்கியது.

இன்னொன்றும் உண்டு. என் வாப்பா மருதமுனையில் தறி வைத்திருந்தவர் என்பது உனக்குத் தெரியும். ஒரு சாரனில் இழை அறுந்து முடிச்சு விழுந்திருந்தால் விற்கும்போதே அந்த இடத்தை விரித்துக் காட்டுவார். "ஐபைச் சொல்லாமல் வித்தா அந்தக் காசு வயித்துல தங்காது" என்பார். சந்தையில் தானியக் குவியலுக்குள் ரசூலுல்லாஹ் கையை விட்டு, அடியில் ஈரம் இருப்பதைக் கண்டு, அதை மறைத்து விற்ற வியாபாரியைக் கண்டித்த சம்பவத்தை அவர்தான் எனக்குச் சொன்னார். ஐபு, அதாவது குறை, உள்ள பொருளைத் திருப்பிக் கொடுக்கும் உரிமை வாங்கியவருக்கு உண்டு என்று ஃபிக்ஹு கிதாபுகளில் தனிப் பாடமே இருக்கிறது. ஆனால் நாம் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபில் அந்த உரிமைக்கு ஒரு கண்டிப்பு உண்டு. குறை தெரிந்ததும் தாமதிக்காமல் திருப்ப வேண்டும். தெரிந்த பிறகும் பேசாமல் பாவித்துக்கொண்டிருந்தால் நீ அதற்கு உடன்பட்டுவிட்டாய் என்று அர்த்தம். இந்தக் கண்டிப்பை மனதில் வைத்துக்கொள். நாட்டுச் சட்டமும் கிட்டத்தட்ட இதையேதான் சொல்கிறது.

சட்டத்துக்குப் போகுமுன் உன் பிரிட்ஜின் நோயைப் பார்ப்போம். மூன்று தடவையும் வந்த ஆள் என்ன செய்தார் என்று கேட்டேன். "கேஸ் அடிச்சாங்க" என்றாய். மகள், பிரிட்ஜின் கேஸ் மோட்டார் சைக்கிள் பெற்றோல் மாதிரி ஓட ஓடத் தீர்ந்து போகிற சாமான் இல்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது அது. நல்ல பிரிட்ஜ் ஒன்றில் ஆயுள் முழுக்கவும் முதலில் போட்ட கேஸே கிடக்கும். அது குறைந்திருக்கிறது என்றால் எங்கோ கசிவு இருக்கிறது. கசிவைத் தேடாமல் கேஸை மட்டும் நிரப்புவது ஓட்டை வாளியில் தண்ணீர் மொண்டு ஊற்றுகிற வேலை. முறையாகச் செய்பவர் நைட்ரஜனை அழுத்தி அடித்துக் கசிவைக் கண்டுபிடிப்பார், அந்த இடத்தை ஒட்டுவார், வடிகட்டியை மாற்றுவார், உள்ளிருக்கும் காற்றையும் ஈரத்தையும் வெற்றிடப் பம்ப்பால் உறிஞ்சி எடுப்பார், அதன் பிறகுதான் கேஸை நிறுத்து ஏற்றுவார். இப்போது வரும் பிரிட்ஜ்களில் பெரும்பாலும் ஆர்-600ஏ என்கிற ஐசோபியூட்டேன்தான். ஒரு வீட்டுப் பிரிட்ஜுக்கு அது சில பத்துக் கிராமே வேண்டும். கூடினாலும் குறைந்தாலும் குளிராது. அது எரியக்கூடிய வாயு என்பதால் கண்டவரும் கை வைக்கக் கூடாது. அரை மணித்தியாலத்தில் வந்து கேஸ் அடித்துவிட்டுப் போனவர் இத்தனையையும் செய்திருப்பாரா என்று நீயே யோசி.

நாளைக்கு நாலாவது தடவை ஆள் வந்தால் சண்டை பிடிக்காதே. ஒரே ஒரு கேள்வி கேள்: "தம்பி, கசிவு எந்த இடத்தில்?" அவர் சொல்லும் பதிலை வேலைத்தாளில் எழுதச் சொல். எழுத மாட்டேன் என்றால், எழுத மறுத்தார் என்று அவர் கண் முன்னாலேயே உன் கொப்பியில் எழுது.

அவர்கள் சொல்லக்கூடிய மறுமொழியையும் இப்போதே தெரிந்துகொள். "உங்கட ஏரியாவில கரண்ட் சரியில்ல" என்பார்கள். இது எப்போதும் பொய்யில்லை. நமது நாட்டில் வீட்டுக்கு வரவேண்டிய மின்னழுத்தம் 230 வோல்ட். கூடினாலும் குறைந்தாலும் நூற்றுக்கு 6 வீதத்துக்குள் இருக்க வேண்டும், அதாவது ஏறத்தாழ 216 முதல் 244 வரை. ஊரில் எல்லோரும் லைட்டும் பேனும் போடுகிற இரவு நேரத்தில் அதற்குக் கீழே இறங்கினால் கொம்பிரசர் ஸ்டார்ட் எடுக்க முடியாமல் முனகும், 'டிக்' என்று சத்தம் போட்டு நிற்கும். ஆனால் குறைந்த வோல்டேஜால் கேஸ் கசியாது. இரண்டும் வேறு வேறு வருத்தம். உன் மாப்பிள்ளையிடம் சொல்லி ஒரு மல்டிமீட்டரால் இரண்டு மூன்று இரவு அளந்து, நேரத்தோடு எழுதி வை. அளவு சரியாக இருந்தால் அந்தச் சாட்டு விழுந்துவிடும். குறைவாக இருந்தால் மின்சாரம் வழங்குபவர்களிடம் முறைப்பாடு செய். அங்கும் நடக்காவிட்டால் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு இருக்கிறது. பிரிட்ஜைப் பழைய மல்டி பிளக்கில் இருந்து கழற்றி, சுவரில் உள்ள தனிப் பிளக்கில் மாட்டு. கரண்ட் போய் வந்தால் ஐந்து நிமிசம் பொறுத்துப் போடு. பின்பக்கம் சுவரில் ஒட்டாமல் தள்ளி வை. கடற்காற்று உப்பு நம்முடைய ஜன்னல் கம்பியையே தின்கிறது, பிரிட்ஜின் பின்னால் உள்ள குழாயை விடுமா? உன் பக்கத்தில் பிழை இல்லை என்பதை நீதான் முதலில் உறுதிப்படுத்த வேண்டும்.

அதோடு ஒரு உண்மையைக் கேட்கிறேன், கோபிக்காதே. நீ அதில் ஐஸ் பக்கெட் போட்டுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு விற்கிறாய். அது ஹலாலான உழைப்பு, எனக்கு அதில் பெருமைதான். ஆனால் பல வொரண்டிக் காட்டுகளில் வியாபாரப் பாவனைக்கு உத்தரவாதம் இல்லை என்று ஒரு வரி இருக்கும். உன் காட்டில் இருக்கிறதா என்று பார். இருந்தால் ஒளிக்காமல், அதற்கும் பதில் சொல்ல ஆயத்தமாக இரு. முதல் பழுது நீ ஐஸ் போடத் தொடங்கு முன்பே, வாங்கிய பன்னிரண்டாம் நாள் வந்தது என்று நேற்றுச் சொன்னாயே. அதுதான் உன் பலமான பதில். அந்தத் திகதியை எழுதி வை.

காட்டை வாசிக்கும்போது மூன்று விசயம் தேடு. வொரண்டி தருவது கடையா, இறக்குமதி செய்த ஏஜண்டா? எதற்கு எத்தனை வருசம்? எது எது சேராது? "பத்து வருச வொரண்டி" என்று வாசலில் பெரிதாக எழுதியிருப்பது அநேகமாகக் கொம்பிரசர் என்ற ஒரு பாகத்துக்கு மட்டும்தான். கேஸ், கூலி, போர்ட், கதவு ரப்பர் எல்லாம் வேறு கணக்கு. காட்டு இங்கிலீசில் இருக்கிறது, விளங்கவில்லை என்று விட்டுவிடாதே. என்னிடம் கொண்டு வா, இரண்டு பேருமாக வாசிப்போம்.

இனிச் சட்டம். நமக்குப் பக்கபலமாக இரண்டு உண்டு. ஒன்று மிகப் பழையது, 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம். வெள்ளைக்காரர் தங்கள் நாட்டில் 1893இல் செய்ததைப் பார்த்து இங்கே எழுதியது. ஒரு சாமானை வழக்கமாக விற்கிற வியாபாரியிடம் அதை வாங்கினால், அது விற்பனைக்குத் தகுந்த தரத்தில் இருக்க வேண்டும் என்பது ஒப்பந்தத்திலேயே அடங்கிய நிபந்தனை என்கிறது அது. வாயால் சொல்லாவிட்டாலும் உண்டு. ஆனால் நியாயமான காலம் கடந்தும் மறுப்புச் சொல்லாமல் பொருளை வைத்துக்கொண்டால் ஏற்றுக்கொண்டதாகவே கருதப்படும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. நம்முடைய கிதாபு சொன்னதும் இதைத்தானே?

மற்றது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம். 1979இல் வந்த பாவனையாளர் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது. உனக்கு வேண்டியது அதன் 13ஆம் பிரிவு. உற்பத்தியாளரோ வியாபாரியோ சொல்லாலோ குறிப்பாலோ கொடுத்த உத்தரவாதத்துக்குப் பொருந்தாத பொருளை விற்றால், அதிகாரசபை அந்த முறைப்பாட்டை விசாரிக்கலாம். விசாரித்து நியாயம் உன் பக்கம் என்று கண்டால் நட்டஈடு கொடுக்கவோ, பணத்தைத் திருப்பிக் கொடுக்கவோ, பொருளை மாற்றிக் கொடுக்கவோ கட்டளையிடலாம். கட்டளையை மதிக்காவிட்டால் நீதவான் நீதிமன்றம் ஊடாக அந்தத் தொகையைத் தண்டப்பணம் போல அறவிடவும் வழி உண்டு. பில்லின் அடியில் "விற்ற பொருள் திருப்பி எடுக்கப்பட மாட்டாது" என்று அச்சடித்திருக்கிறது, அதனால் ஒன்றும் செய்ய ஏலாது என்று நேற்றுச் சொன்னாய். பாராளுமன்றம் கொடுத்த முறைப்பாட்டு உரிமையைப் பில் புத்தகத்தின் ஒரு வரி பறிக்காது.

இப்போது 74க்கு வருகிறேன். அதே பிரிவு சொல்கிறது: முறைப்பாடு எழுத்தில் இருக்க வேண்டும், பொருளை விற்ற நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். எழுத்தில். மூன்று மாதத்துக்குள். நீ போனில் சொன்ன மூன்று தடவையும் இந்தக் கணக்கில் சேராது. அவர்கள் அன்பாகப் பேசி ஆள் அனுப்பிக்கொண்டிருந்த ஒவ்வொரு கிழமையும் உன் பக்கத்துக் கலண்டரில்தான் கிழிபட்டது. அவர்கள் வேண்டுமென்று செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. என்னைக் காக்க வைத்த கடைக்காரரும் ஒருவேளை நல்ல மனிதராகவே இருந்திருப்பார். ஆனால் நல்ல மனிதருடைய வாய்ப்பேச்சு காலக்கெடுவை நிறுத்தி வைக்காது.

உன் கையில் இன்னும் இரண்டு கிழமைக்குக் கொஞ்சம் கூட இருக்கிறது. அதற்குள் இப்படிச் செய்.

இன்று இரவே பில்லையும் வொரண்டிக் காட்டையும் போட்டோ எடு. பில்லின் மை வெளிறுமுன் இரண்டு போட்டோக் கொப்பியும் எடு. பிரிட்ஜின் பின்னால் ஒட்டியிருக்கிற தாளில் மாதிரி இலக்கமும் தொடர் இலக்கமும் இருக்கும், அதையும் எடு. உள்ளே ஒரு தேர்மோமீட்டரோ உருகிய ஐஸோ தெரியும்படி வீடியோ எடு. போனில் நீ அவர்களுக்கு எடுத்த கோல்களின் பட்டியல் இருக்கும், அதையும் அழியாமல் வை. பிறகு ஒரு தாளில் இப்படி எழுது:

"முகாமையாளர் அவர்களுக்கு. இன்ன திகதியில், இன்ன பற்றுச்சீட்டு இலக்கத்தில் தங்களிடம் வாங்கிய பிரிட்ஜ், இன்ன மாதிரி, இன்ன தொடர் இலக்கம். அது கீழ்வரும் மூன்று திகதிகளில் ஒரே பழுதுக்காகத் திருத்தப்பட்டது. மூன்று தடவையும் கேஸ் நிரப்பப்பட்டது. கசிவு கண்டுபிடிக்கப்பட்டதாக எனக்கு அறிவிக்கப்படவில்லை. இன்ன திகதியிலிருந்து மீண்டும் குளிரவில்லை. இந்தப் பொருளை ஏற்றுக்கொள்ள நான் இணங்கவில்லை. புதிய பொருளை மாற்றித் தரும்படி, அல்லது செலுத்திய பணத்தைத் திருப்பித் தரும்படி கேட்கிறேன். இக்கடிதம் கிடைத்து 7 நாட்களுக்குள் எழுத்தில் பதில் தரவும். தவறினால் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் 13ஆம் பிரிவின் கீழ் முறைப்பாடு செய்வேன்."

அவ்வளவுதான். ஏசாதே, மிரட்டாதே, அழாதே. திகதி, இலக்கம், கேட்பது என்ன. கோபம் இருந்தால் அதை என்னிடம் வந்து கொட்டு. கடிதத்தில் ஒரு பிரதியைக் கடைக்கும் இன்னொன்றை ஏஜண்டுக்கும் பதிவுத் தபாலில் அனுப்பு. பதிவுத் தபால் பற்றுச்சீட்டைப் பில்லோடு சேர்த்து வை. வட்ஸ்அப்பிலும் போடலாம், ஆனால் அது பதிவுத் தபாலுக்குத் தங்கச்சிதான்.

7 நாளில் பதில் வராவிட்டாலோ, "இன்னொரு முறை கேஸ் அடித்துப் பார்ப்போம்" என்று வந்தாலோ, அதே கடிதத்தோடு அதிகாரசபைக்கு முறைப்பாடு எழுது. 1977க்குக் கோல் எடுத்தால் எங்கே, எப்படிக் கொடுப்பது என்று சொல்வார்கள். மாவட்ட அலுவலகத்துக்கு நேரில் போகவேண்டி வந்தால் நானும் வருகிறேன். காரைதீவுச் சந்தியால் திரும்பி, சம்மாந்துறை தாண்டி அம்பாறை போய் வர ஒரு பகல் போதும். முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுது. தமிழ் இந்த நாட்டின் அரசகரும மொழி, நமது மாகாணத்தில் நிருவாக மொழி. இதைச் சொல்லவே கூச்சப்படுகிற ஆட்களை என் கவுண்டரில் நிறையப் பார்த்திருக்கிறேன். மூல ஆவணத்தை யாரிடமும் கொடுத்துவிட்டு வராதே, பிரதியைத்தான் கொடு.

அங்கும் சரிவராவிட்டால் மத்தியஸ்த சபை இருக்கிறது. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது. ஒரு பிரிட்ஜின் பெறுமதியில் உள்ள காசுத் தகராறு நீதிமன்றம் போகுமுன் அங்கேதான் போக வேண்டும். சட்டத்தரணி வைக்கத் தேவையில்லை, வைக்கவும் விடமாட்டார்கள். இணங்கினால் அதை எழுதித் தருவார்கள், இணங்காவிட்டால் இணங்கவில்லை என்று சான்றிதழ் தருவார்கள். என் மெஷினுக்குக் கடைசியில் அங்கே போயிருக்கலாம். நான் போகவில்லை, அலுத்துவிட்டது. அலுப்புத்தான் வாங்கியவனின் பெரிய எதிரி.

செய்யக் கூடாததையும் சொல்கிறேன். மிச்சத் தவணையைக் கட்டாமல் நிறுத்தாதே. தவணைக்கு வாங்கிய பொருளுக்கு 1982ஆம் ஆண்டின் 29ஆம் இலக்கப் பாவனையாளர் கடன் சட்டம் இருக்கிறது, அதிலும் உனக்குப் பாதுகாப்பு உண்டு. ஆனால் நீ தவணையை விட்டால் கதை தலைகீழாகும். கடன் கொடுத்தவளாக நின்ற நீ கடன்காரியாகிவிடுவாய். தெருவில் பிரிட்ஜ் திருத்துகிற பாஸை அழைத்து அதைத் திறக்க விடாதே. அவர் கெட்டிக்காரர்தான், ஆனால் அவர் கை பட்டதும் வொரண்டி போச்சு என்பார்கள். கடையின் பேரைப் போட்டு முகநூலில் ஏசி எழுதாதே. முதலாளி செய்த பிழைக்கு அந்த ஷோரூமில் நிற்கிற பிள்ளைகளை நோகப் பேசாதே. வருகிற டெக்னீசியன் தம்பிக்குத் தேத்தண்ணி கொடு. அவன் ஒரு நாளில் எத்தனை வீடு ஏறி இறங்குகிறானோ.

ஒரு விசயத்தை நினைவுபடுத்துகிறேன். 2021 நவம்பர், டிசம்பரில் நாடெங்கும் வீடுகளில் சமையல் கேஸ் வெடித்ததே, ஞாபகம் இருக்கிறதா? உன் உம்மா ஒரு மாதம் அடுப்புக்குக் கிட்டப் போகாமல் விறகில் சமைத்தாள். அப்போது முதலில் என்ன சொன்னார்கள்? உங்கள் குழாய் பழசு, ரெகுலேட்டர் சரியில்லை, அடுப்பு சரியில்லை. வீட்டுக்காரர் மேல்தான் பழி. பிறகு அரசாங்கம் நியமித்த நிபுணர் குழு, சிலிண்டருக்குள் இருக்கும் புரொப்பேன், பியூட்டேன் கலவையின் அளவு மாறியதே பிரதான காரணம் என்று கண்டது. ஒரு வீடு மட்டும் கதைத்திருந்தால் அது குழாயின் பிழையாகவே முடிந்திருக்கும். பல வீடுகள் முறைப்பாடு செய்ததால்தான் அது கேஸின் பிழை என்று தெரிய வந்தது. உன் கடிதமும் அப்படித்தான். உன்னுடைய அதே மாதிரிப் பிரிட்ஜ் அக்கரைப்பற்றிலும் ஏறாவூரிலும் கசிந்துகொண்டிருக்கலாம். யாரும் எழுதாவிட்டால் ஒவ்வொரு வீட்டிலும் கரண்ட் மேல் பழி போட்டே காலம் போகும்.

நமது சட்டம் முழுமையானது என்று நான் சொல்ல வரவில்லை. இரண்டு வருச வொரண்டி கொடுத்த பொருளுக்கு முறைப்பாட்டுக் காலம் மூன்று மாதம் என்பது எனக்கு இன்றும் நியாயமாகப் படவில்லை. ஐந்தாம் மாதம் பழுதாகிற பிரிட்ஜுக்கு என்ன செய்வது? இந்தியாவில் 1986இல் வந்த நுகர்வோர் சட்டத்தை மாற்றி 2019இல் புதிதாக எழுதினார்கள். அங்கே பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருசம் அவகாசம். நமக்கு 1893இல் வழிகாட்டிய இங்கிலாந்து 2015இல் புதுச் சட்டம் செய்துவிட்டது. அங்கே குறையுள்ள பொருளை முதல் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்துப் பணம் கேட்கலாம். அதற்குப் பிறகு ஒரு தடவை திருத்தியும் சரிவராவிட்டால் வேண்டாம் என்று சொல்லலாம். ஆறு மாதத்துக்குள் தெரிகிற குறை, விற்கும்போதே இருந்தது என்றுதான் எடுத்துக்கொள்வார்கள், இல்லையென்று நிரூபிப்பது கடைக்காரர் வேலை. நமது சட்டத்தில் எத்தனை திருத்தத்துக்குப் பிறகு மாற்றித் தர வேண்டும் என்ற எண்ணிக்கை கிடையாது. அந்த எண்ணை நாம்தான் வைக்க வேண்டியிருக்கிறது. நான் ஐந்து வரை பொறுத்தேன், அது பிழை. நீ மூன்றோடு நிறுத்து.

வாப்பா தறியில் உட்கார்ந்திருக்கும்போது ஒரு இழை அறுந்தால் அங்கேயே நிறுத்தி முடிந்துவிட்டுத்தான் அடுத்த இழைக்குப் போவார். பிறகு பார்ப்போம் என்று நாலு விரல் நெய்துவிட்டால், அதைப் பிரிக்கத் துணியே போய்விடும் என்பார். உன் பன்னிரண்டாம் நாளில் அறுந்த இழை இது. எழுபத்து நாலாம் நாள் வரை நெய்துவிட்டாய். இன்னும் பிரிக்கலாம்.

இந்தக் கடிதத்தோடு இரண்டு நீள உறையும் வெள்ளைத்தாளும் வைத்திருக்கிறேன். உன் மீனும் பாலும் என் வீட்டில் பத்திரமாக இருக்கிறது. நாளைக்குச் சுபஹுத் தொழுதுவிட்டுச் சைக்கிளில் அந்தப் பக்கம் வருவேன். அதற்குள் இரண்டு பிரதியும் எழுதி, கையெழுத்துப் போட்டு, திகதியும் போட்டு வை. முத்திரைக் காசு மாமாவின் பொறுப்பு.

வஸ்ஸலாம்,
உன் மாமா